மிஸ் ஹார்க்ரேவ் தேநீர் குடிப்பதில்லை

"அந்தப் பேய்க்கதைப் புத்தகத்தை இப்பவே நெருப்புல போடு!" என்றார் மிஸ் ஹார்க்ரேவ்.

வெளியே யார்க்‌ஷயர் பொட்டல்மேட்டில் அடைமழை. விடுதிப் பள்ளியின் நூலகத்தில், கணப்பருகே சாய்ந்து கிடந்த பதிமூன்று வயது ஹெஸ்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மாட்டேன் மிஸ். அப்பா கப்பலேறும்போது வாங்கித் தந்தது."

"எதிர்த்தா பேசறே? இந்தக் கண்றாவியெல்லாம் வந்த பிறகு எவளுக்காவது பயம்னு ஒண்ணு இருக்கா? ஒரு காலத்துல படிக்கட்டுல என் பாவாடை சரசரத்தாலே பிள்ளைங்க நடுங்கும். நேத்து ஒருத்தி என்னைப் பார்த்துக் கொட்டாவி விடறா!"

"கதையில வர்றவங்க உங்களைவிட மோசம் மிஸ். பழகிப்போச்சு. தேநீர் குடிக்கிறீங்களா? சூடா இருக்கு."

"வேண்டாம்."

மழைநாளில் தேநீரை வேண்டாம் என்கிற மனுஷரை அந்த ஊரில் ஹெஸ்டர் பார்த்ததே இல்லை.

"கடைசியாக் கேக்கறேன், போடுறியா இல்லையா?"

"நீங்களே எடுத்துப் போடுங்களேன்." புத்தகத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள் ஹெஸ்டர்.

மிஸ் ஹார்க்ரேவ் அதை முறைத்தார். கை மட்டும் நீளவில்லை.

"தினமும் என் தோளுக்குப் பின்னால நின்னு நீங்களும் படிக்கிறது எனக்குத் தெரியும் மிஸ். இது எரிஞ்சுபோனா, கடைசி அத்தியாயத்தை உங்களுக்கு யாரு பக்கம் திருப்பிக் காட்டுவாங்க?"

மிஸ் ஹார்க்ரேவ் விறுவிறுவென்று நடந்து, சாத்தியிருந்த ஓக் கதவின் ஊடாகவே வெளியேறினார்.

ஹெஸ்டர் ஒரு மிடறு தேநீர் குடித்தாள்.

"நாளைக்குக் கடைசி அத்தியாயம் மிஸ்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். "வரும்போது தட்டிட்டு வாங்க. கதையில வர்ற பேய்கூடத் தட்டிட்டுத்தான் வருது!"