நாசிக்கா, ஃபாரினா?

பூஜா சமையலறைக் கதவைத் தள்ளினாள். அம்மா ஒயின் குடித்துக்கொண்டிருந்தாள்.

சாட்சாத் தங்கபுஷ்பமேதான். சாமி அலமாரியின் கதவைச் சாத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணாடிக் கோப்பையிலிருந்து ஒரு வாய்.

"ம்மா!"

அம்மாவுக்குப் புரையேறியது. "சத்தம் போடாதட்டி! கதவச் சாத்து."

"காலையில பக்கத்து ஃப்ளாட் ஜானகி ஆன்ட்டிகிட்ட என்ன சொன்னே? 'பொம்பள குடிக்கத டி.வி.ல காட்டுதான், நாடு வெளங்குமாக்கா?'" அம்மாவின் குரலை அப்படியே இழுத்துப் பேசினாள் பூஜா. யார் பேசினாலும் திருப்பிப் பேசிக் காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒங்கப்பாவுக்காகத்தான் இந்தப் பாவம்" என்றாள் அம்மா.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அப்பா தனபாலனின் மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தாலும் சிநேகிதர்களிடம் அவருக்குப் பேர் ஒயினில்தான். டாஸ்மாக் எலைட் கடையோ, ஏர்போர்ட்டோ, எதை வாங்கலாம் என்று அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். மாதம் ஒருமுறை இந்தக் கோட்டூர்புரம் வீட்டு ஹாலில் கூடிக் குடிப்பார்கள். நாக்கு செத்தது தெரிந்தால் பேர் போச்சு.

அதனால் முறுக்கு எடுக்கிற சாக்கில் கோப்பையோடு உள்ளே வருவார். அம்மா ருசி பார்த்து, "நாவப்பழம், லேசா புளிப்பு, முழுங்குனப்புறம் கிராம்பு" என்பாள். அவர் ஹாலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வார். கைதட்டல் பறக்கும்.

"இன்னைக்கு அந்த சுயம்புலிங்கம் வம்புக்குன்னே வந்திருக்காரு" என்றாள் அம்மா.

சொல்லி முடிப்பதற்குள் ஹாலிலிருந்து நகைக்கடை சுயம்புலிங்கத்தின் குரல்.

"என்னவே தனபாலன், முறுக்கு எடுக்கப் போனீரா, சுடப் போனீரா? பாட்டில பேப்பர்ல சுத்திக் கொண்டாந்திருக்கேன். நம்ம நாட்டு நாசிக்கா, ஃபாரினா? அத மட்டும் சொல்லும். தப்பாச் சொன்னீர்னா இனிமே எது வாங்கணும்னு நாந்தான் சொல்லுவேன். குடிக்கது மட்டும் வழக்கம்போல இங்கதான். எங்க வீட்டுல மாமியா இருக்கா!"

பின்பக்கப் பால்கனியிலிருந்து முறுக்கு டின்னோடு அப்பா வந்தார்.

"என்ன புஷ்பம், ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இருங்க." அம்மா இன்னொரு வாய் குடித்தாள். கண் தானாக மூடியது. முகமே மாறிவிட்டது. "எவ்ளோ நல்லாருக்குங்க! இது ஃபாரின்தான்."

"நிச்சயமா?"

"இம்புட்டு நல்லாருக்கு, நம்ம ஊருல செஞ்சதுங்கேளா? ஃபாரினேதான்."

அப்பா ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

"ஃபாரின்" என்றார்.

பேப்பர் கிழியும் சத்தம். அப்புறம் வெடிச் சிரிப்பு.

"நாசிக்கு வே, நாசிக்கு! இனிமே நீரு சேலைய மட்டும் பாத்துக்கிடும். பாட்டில் நம்ம டிபார்ட்மென்ட்!"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. சுயம்புலிங்கம் மாமா மாதிரி பேசிக் காட்ட பூஜாவுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

சமையலறையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என் நாக்குல தீய வைக்க. ஒங்க பேரக் கெடுத்துட்டனே."

"அட விடு புஷ்பம்" என்றார் உள்ளே வந்த அப்பா. "அடுத்த தடவ இன்னும் ரெண்டு வாய் சேத்துக் குடிச்சுப் பாத்துச் சொல்லு."

எல்லோரும் கிளம்பினார்கள். சுயம்புலிங்கம் வீட்டுக்கென்று முறுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு அம்மா லிஃப்ட் வரை போனாள்.

ஹாலில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "பூஜா, அடுப்புல பால் தீயுது பாரு."

ஓடிப்போய் அணைத்தாள். பால் அடிப்பிடித்திருந்தது. அணைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பா... உங்களுக்கு வாசனை தெரியுதா?"

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசு. பொங்கலுக்கு முன்னாலயே திரும்பிருச்சு."

"அப்போ அந்த பாட்டில்?"

"மோந்ததுமே தெரியும், நாசிக்னு."

"தெரிஞ்சுமா தோத்தீங்க? எல்லார் முன்னாடியும்?"

"நான் சரியாச் சொன்னா, நாக்கு வந்துருச்சுன்னு ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருமே." அப்பா கடைசிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். "தனக்கு வேணும்னு அவ எதையும் கேட்டதே இல்ல கண்ணு. எனக்காகன்னு சொன்னாத்தான் ஒரு வாய் குடிப்பா."