புருண்டியைக் கொறித்தவர்

காலை மணி பத்து இருபது. ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வானம் மூட்டமாக இருந்ததே தவிர, ஒரு துளி விழவில்லை. 1962-ஆம் ஆண்டின் அந்தத் திங்கட்கிழமை, கறம்பக்குடிக்கு அருகில் ஒரு நடுநிலைப்பள்ளியின் பிள்ளைகள் மைதானத்துக்குப் போயிருந்த எட்டாம் வகுப்பறையில், இன்ஸ்பெக்டர் ரெங்கசாமி புருண்டி நாட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

பூகோள ஆசிரியை அடைக்கலமேரி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தற்காலிகமாக வந்த வேலை. இன்ஸ்பெக்டர் இன்று எழுதப்போகும் குறிப்பைப் பொறுத்துத்தான் அது நிரந்தரமாகும். இல்லாவிட்டால், தலைமையாசிரியர் சோலையப்பனுடைய மைத்துனர் மகள் அந்த நாற்காலிக்குக் காத்திருந்தாள்.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா, புருண்டி என்ற இரண்டு சின்ன நாடுகள் போன மாதந்தான் தனித்தனியே விடுதலை பெற்றிருந்தன. பள்ளியின் பழைய சுவர்ப்படத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. ஆகவே மேரி, செய்தித்தாள்களில் வந்த இரண்டு வரைபடங்களைப் பார்த்து, மேசைமேல் இரு நாடுகளையும் பரப்பியிருந்தாள். வாழைத் தோட்டத்துக்கு வாழைக்காய் வறுவல். காப்பி விளையும் மலைச்சரிவுக்கு வறுத்த காப்பிக்கொட்டை. அவரை வயலுக்கு வறுத்த மொச்சை. மேய்ச்சல் நிலத்துக்குப் பச்சைப்பயறு. கோடு எதுவும் கிடையாது. பரப்பியது முடிகிற இடந்தான் எல்லை.

இன்ஸ்பெக்டரோடு உள்ளே வந்த சோலையப்பன் மேசையை ஒரு பார்வை பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

“சார், திருச்சியிலேருந்து புது ஆப்பிரிக்காப் படம் சனிக்கிழமைதான் வந்துச்சு. எடுத்துட்டு வாரேன். டீச்சர் போட்ட அளவு சரிதானான்னு ஒத்துப் பார்த்துருவோம்!”

பீரோச் சாவியைத் தேடிக்கொண்டு அவர் போனார். அவர் தலை மறைந்ததும் இன்ஸ்பெக்டரின் கை வறுவலுக்குப் போயிற்று.

“ரெண்டு நாட்டுலயும் என்னம்மா வெளையுது?” என்று மென்றுகொண்டே கேட்டார்.

“ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதாங்க ஐயா. வாழை, அவரை, மலையில காப்பி, மிச்சம் மாடு மேயுற புல்லு. நம்ம பழைய புதுக்கோட்டை சமஸ்தானம் மாதிரி ஒம்போதைச் சேர்த்தா ஒரு நாடுங்க. ரெண்டுல புருண்டிதான் பெரிசு...”

புருண்டியின் தெற்கு முனை அவர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

“ஐயாவுக்குக் காப்பி வாங்கியாரச் சொல்லவாங்க?”

“காப்பிதானேம்மா சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்!”

ஒரு காப்பிக்கொட்டையைக் கடித்தார். முகம் கோணிற்று. இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து ஆயா காத்தாயி, கதவோரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“டீச்சரம்மா, இங்கிட்டு பாருங்க. பச்சைப்பயறு பக்கம் போயிட்டாரு. புல்லுல மேயுறாருங்க!”

“சும்மா இரு காத்தாயி!”

“வீட்டுல சோறு போடலியோ என்னமோ, பாவம்.”

மேரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டப்பாவில் மிஞ்சியிருந்த வறுவலை ஒரு தட்டில் கொட்டி நீட்டினாள்.

“ஐயா, உக்காந்து சாப்பிடுங்க.”

“வேண்டாம்மா. எனக்கு இதுவே போதும்.”

மேசையை வலம்வந்து, புருண்டியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பொறுக்கினார். ருவாண்டாவில் ஒரு மணியைத் தொடவில்லை. ‘தின்னுவதுதான் தின்னுகிறார், இரண்டிலும் சமமாகத் தின்னக் கூடாதா? என் வேலையையல்லவா தின்கிறார்! இவரெல்லாம் ஓர் அதிகாரி!’ என்று மேரி உள்ளுக்குள் பொருமினாள்.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, ஜன்னலை ரசித்துக்கொண்டு நின்றார்.

சோலையப்பன் புதுப் படத்தை உற்சாகமாக விரித்தார்.

“இந்தா, போட்டிருக்கான் பாருங்க சார். ருவாண்டா பத்தாயிரத்துச் சொச்சம் சதுர மைல். புருண்டி அதைவிட ஒரு ஐந்நூறுதான் கூட. ஆனா டீச்சர்...”

மேசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

“முன்ன ரொம்பப் பெரிசா இருந்துச்சே சார்?”

“அவசரமாப் பார்த்தா அப்படித்தான் தெரியும். இப்ப நிதானமாப் பாருங்க. சரியா இருக்கா?”

“ச... சரியாத்தான் இருக்கு சார்.”

“அதை உங்க வாயால சொன்னீங்களே, போதும்.”

நின்ற நிலையிலேயே குறிப்பெழுதினார் இன்ஸ்பெக்டர். வேலையை நிரந்தரமாக்கலாம் என்று இருந்தது. ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவு தின்றும் அளவு எப்படிச் சரியாயிற்று என்று மேரிக்கு விளங்கவேயில்லை.

மறுநாள் காலையில், மைத்துனர் வீட்டு வாசலைத் தவிர்ப்பதற்காக வாய்க்கால் வரப்பைச் சுற்றிப் பள்ளிக்கூடம் வந்தார் சோலையப்பன்.

“ஆபீசரு ஒருத்தரு நாட்டையே தின்னுபுட்டாருடீ!” என்று கிணற்றடியில் காத்தாயி நடித்துக் காட்ட, குடங்கள் நிரம்பி வழிந்தன.

புதுக்கோட்டையில் இன்ஸ்பெக்டர் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “வாழைக்காய்னாலே வாயுன்னு கல்யாண வீட்டுலகூட எலையை விட்டு ஒதுக்குவீங்களே, நேத்து என்னங்க வந்துச்சு ஒங்களுக்கு?” என்று அவர் மனைவி திட்டிக்கொண்டிருந்தார்.

அடைக்கலமேரி, அந்த இரண்டு செய்தித்தாள் படங்களையும் புதுப் படத்தின் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் அங்குலத்துக்கு இத்தனை மைல் என்றிருந்த அளவைகளை முதல் முறையாகப் படித்தாள். இரண்டும் வெவ்வேறு அளவில் வரையப்பட்டவை. அதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே மடங்கு பெரிதாக்கியதில், அவளுடைய புருண்டி உண்மையானதைவிட ஒரு சுற்றுப் பெருத்துப்போயிருந்தது. தலைமையாசிரியர் படத்தோடு திரும்பி வருவதற்குள் இன்ஸ்பெக்டர் தின்று தீர்த்தது, அந்த ஒரு சுற்றை மட்டுந்தான்.