மூன்று நிமிடம்

“என்னா, டாய்லெட்லயே குடித்தனம் பண்றியா? உனக்குன்னு தனிச் சட்டமா?”

சூப்பர்வைசர் லோகேஸ்வரி போட்ட சத்தத்தில் பேக்கிங் வரிசையே திரும்பிப் பார்த்தது. உமாராணி தலையைக் குனிந்துகொண்டு வந்து கையுறைகளை அடுக்கத் தொடங்கினாள்.

மலேசியாவில், கூலிமில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் எல்லார் கையிலும் ஒரு புளூடூத் பட்டை உண்டு. அதற்குள் இருப்பது துளியூண்டு பேட்டரி. ஓயாமல் பேசினால் தீர்ந்துவிடும் என்று, அவ்வப்போது ‘இருக்கேன்’ என்று மட்டும் கூரையில் உள்ள பெட்டிக்குச் சொல்லும். டாய்லெட்டுக்குள் போனால் அது பெட்டிக்கு எட்டாது. மூன்று நிமிடம் அந்தச் சத்தம் வராவிட்டால் ஆள் இடத்தில் இல்லை என்று பெட்டி முடிவு கட்டிவிடும். பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழும். மூன்று கோடு விழுந்தால் வேலை போச்சு.

உமாராணிக்கோ பதினைந்து நிமிடமாவது வேண்டும். குறைமாதத்தில் பிறந்த மகன் இரண்டு மாதமாகச் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். அவனுக்குப் பால் எடுத்து அனுப்ப வேண்டும். பச்சை உடம்புக்காரி என்றால் சேர்க்கமாட்டார்கள் என்று, மறைத்துத்தான் மூன்று வாரத்துக்கு முன் வேலையில் சேர்ந்தாள்.

ஆனாலும் இதுவரை அவளுக்கு ஒரு கோடுகூட விழவில்லை. பெட்டி ரோசாக் ஆகியிருக்கும், பழுதானதும் சாமி புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில், உடன் வேலை செய்யும் சாந்தினி ஒரு புகார்க் கடிதத்தை நீட்டினாள்.

“இந்தம்மா வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்லா. யாரு கையெழுத்துப் போடுறீங்க?”

காலையில் பட்ட அவமானம் ஆறவில்லை. உமாராணிதான் முதலில் போட்டாள்.

ஒரே வாரத்தில் லோகேஸ்வரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று வரிசையே சிரித்தது. உமாராணியும் சிரித்தாள்.

மறுநாள் காலை, டெக்னீஷியன் புவனேசன் பெட்டிக்குக் கீழே லேப்டாப்போடு வந்து நின்றார்.

“என்னண்ணே, பெட்டி ரோசாக்கா?” என்றாள் உமாராணி.

“அதெல்லாம் இல்ல தங்கச்சி. நான்தான் மூணு நிமிஷத்த இருபது ஆக்கி வச்சிருந்தேன். லோகேஸ்வரிக்கா வந்து கெஞ்சுச்சு.”

“அந்தம்மாவா? எதுக்கு?”

“புதுசா வந்த பிள்ள பையில பால் பாட்டிலப் பார்த்துச்சாம். எந்தப் பிள்ளன்னு எங்கிட்டகூட சொல்லல. ‘ஆபீஸுக்குத் தெரிஞ்சா அவ வேலை போயிரும். நான் நாலு பேரு முன்னால கத்திக்கிட்டே இருக்கேன், யாருக்கும் சந்தேகம் வராது’ன்னுச்சு.”

உமாராணி லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

“இப்ப என்னண்ணே செய்றீங்க?”

“புது சூப்பர்வைசர் பழையபடி மூணு வைக்கச் சொல்லிட்டாங்க.”

மணி பத்து. பால் எடுக்கும் நேரம். சட்டை நனையத் தொடங்கியது. உமாராணி இடத்தைவிட்டு நகரவில்லை.