பக்கத்து வீட்டின் கையெழுத்து

பரண் மூடியைத் தள்ளித் தலையை உள்ளே விட்டதுமே எனக்குச் சிக்கல் தெரிந்துவிட்டது.

இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே சுவரே இல்லை.

இங்கிலாந்தின் பர்ன்லியில் இந்த வரிசை வீடுகளைக் கட்டிய புண்ணியவான்கள், செங்கல் மிச்சம் பிடிக்கப் பொதுச்சுவரைப் படுக்கையறை உயரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல், ஓட்டுக்கூரைக்கு அடியில், பதினெட்டு வீட்டுக்கும் ஒரே பரண்தான்.

எனக்குப் பின்னால் வீட்டுக்காரர் நெவில் முனகிக்கொண்டே ஏறி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மாரீன், நான் பரணை அளவெடுக்க வந்த பத்தாவது நிமிடமே தேநீரோடு முழுக்கதையையும் ஊற்றிக் கொடுத்திருந்தார்.

மகள் ஹெதர் கணவனை விட்டுவிட்டு வருகிறாள். நான்கு மாதக் கர்ப்பம். அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் பரணில் ஓர் அறை கட்டவேண்டும்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ரோலண்ட், நெவிலின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா இறந்த வாரமே, அப்பாவின் பந்தயப் புறாக்களை யாரையும் கேட்காமல் விற்றுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருடம். ஒருவர் குப்பைத் தொட்டியை வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் மற்றவர் கதவைத் திறப்பாராம்.

நான் அளவு நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிற இரண்டு வழியையும் சொன்னேன்.

ஒன்று, கூரையை அப்படியே விட்டுச் சன்னல் மட்டும் வைப்பது. நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் நிமிர்ந்து நிற்க முடியும். ஆனால் நம் பக்கம் மட்டும் தீத்தடுப்புப் பலகை அடித்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம்.

இன்னொன்று டார்மர். பின்கூரையை வெட்டிப் பெட்டி போலத் தூக்கிக் கட்டுவது. அறை முழுக்க நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் இரும்பு உத்தரம் பொதுச்சுவரில் உட்காரும். சுவரையும் செங்கல் வைத்து உயர்த்தவேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு முறையாகக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும்.

இந்தத் தொழிலில் நான் கண்டது, பரணில் எந்த வகை அறை வரும் என்பதைப் பாதி நேரம் பக்கத்து வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார்.

"சன்னலே போதும் தம்பி. குழந்தை படுத்துத்தான கிடக்கும்?" என்றார் நெவில்.

ஏணியடியிலிருந்து மாரீனின் குரல் வந்தது. "குழந்தை படுத்துக் கிடக்கும். அதத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கப்போறவ உங்களாட்டம் ஆறடி. உங்க வீம்புக்கு அவ கூன் போட்டு நடக்கணுமா?"



நெவில், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையை ஏந்துவது போல இரண்டு கையையும் மடித்துக்கொண்டு, தரையின் குறுக்குக்கட்டைகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து நடந்தார். மூன்றாவது எட்டில் சாய்வு விட்டத்தில் நெற்றி 'ணங்' என்று இடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "அந்தக் கடுதாசிய யாரு குடுக்கணும்?" என்று கேட்டார்.

"நாங்களே தபால்ல அனுப்பிடுவோம். நீங்க அவரு மூஞ்சியில முழிக்கவே வேணாம்."

"குடு இங்க."

நான் நீட்டிய கடிதப் படிவத்தை என் அட்டைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஏணிப்பக்கம் திரும்புவார் என்று வழிவிட்டு நின்றேன். அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். தாளைப் பல்லில் கவ்விக்கொண்டு, சுவர் இல்லாத அந்தக் கோட்டைத் தாண்டி, அண்ணன் வீட்டின் மேல் தவழ்ந்து போனார்.

கீழே ரோலண்ட் வீட்டு வானொலியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

நெவில் அந்த வீட்டுப் பரண் மூடியருகே மண்டியிட்டு, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

வானொலி நின்றது.

அந்த மூடி மேலிருந்து திறக்காது என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் திருடன் ஒருவன் இந்தப் பரண் வழியே வீடுவீடாக இறங்கியதிலிருந்து, இந்த வரிசையில் எல்லோரும் மூடிக்கு அடியில், வீட்டுக்குள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். நான் அளந்த பதினோரு வீட்டிலும் இரண்டிரண்டு. அதைச் சொல்லித் தடுக்கலாமா என்று வாயெடுத்தேன்.

அதற்குள், தன் வீட்டு மூடியிலும் இரண்டு தாழ்ப்பாள் வைத்திருக்கும் நெவில், ஓரத்தில் விரலை நுழைத்துச் சும்மா ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

மூடி கையோடு வந்துவிட்டது.

கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அதன் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. தாழ்ப்பாள்கள் இருந்த இடத்தில் வெறும் திருகாணி ஓட்டைகள். அவற்றின்மேல் அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் பழுத்து மஞ்சளாகியிருந்தது; கழற்றி வருடக்கணக்காகியிருக்கும்.

"அங்கயே இருடா," என்றது ரோலண்டின் குரல். "குதிச்சுத் தொலைக்காத. ஏணி எடுத்துட்டு வர்றேன்."