ஆறு கூழாங்கல்

குளத்துத் தவளைக்குத் தன் எண்ணிக்கைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால்தான் வாத்தம்மா இரை தேடிப் போகும்போது, "அண்ணே, என் ஆறு குஞ்சும் கரையேறிட்டாங்களான்னு பாருங்க. எல்லாரும் நத்தை தின்னாங்களான்னும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பானேன் என்று தவளை நினைத்தது. கரையேறிய குஞ்சு ஒரு நத்தையை விழுங்கும்போதெல்லாம் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்தது. கடைசியில் எண்ணினால் கச்சிதமாக ஆறு.

"ஆறு பேரும் வந்தாச்சு!" என்று குளமே அதிரக் கத்தியது.

வாத்தம்மா திரும்பி வந்து குஞ்சுகளை அணைத்துக்கொண்டாள். அணைத்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"இறக்கைக்கு மூணு பேரு அண்ணே. இடது பக்கம் ஒரு இடம் குளிருதே. நீங்க கல் வச்சது குஞ்சுக்கா, நத்தைக்கா?"

"நத்தைக்குத்தான்."

"யாராவது ரெண்டு தின்னாங்களா?"

"புள்ளி மூக்கன் ரெண்டு..." என்று இழுத்த தவளைக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே தண்ணீரில் பாய்ந்து கோரைப்புல்லுக்குள் தேடியது. அங்கே கொடியில் கால் சிக்கி, கடைக்குட்டி சத்தமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

"ஏன்டா கண்ணு, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"கொடுக்கத்தான் வாயைத் திறந்தேன் மாமா. ஆறு பேரும் வந்தாச்சுன்னு நீங்க கத்தினீங்க. அப்போ நான் அந்த ஆறுல இல்லபோலன்னு மூடிக்கிட்டேன்."