நாலாவது பவுன்

கிணீர்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வடசேரியில் ஒரு தங்க ஆசாரி, பூங்கனியின் ராஜா தலை பொறித்த வெள்ளைக்காரன் காலத்துப் பவுனைக் கருங்கல் துண்டின்மேல் போட்டுப் பார்த்தபோது எழுந்த சத்தம் அது. அம்மா வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே பவுன். அதை விற்றுத்தான் அவள் புருஷன் முத்துநாயகம் கல் அறுக்கும் மெஷினுக்கு முன்பணம் கட்டினார்.

ஆசாரி பணம் எடுக்க உள்ளே போனபோது பூங்கனி மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் ஒருக்கா போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த மெஷினையும் விற்றாயிற்று. மயிலாடியில் சிலைப் பட்டறையை மூடிவிட்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு நகைக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் விபின்.

"வயசான காலத்துக்குச் சேத்து வைக்கதுக்குன்னா இதுதான் ஐயா நல்லது." ஸ்மைலின் என்ற விற்பனைப் பெண் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினாள். உள்ளே ஒரு காசு மின்னியது. "இருபத்துநாலு காரட். சீல் வச்சது, நம்பர் போட்டது. எப்ப கொண்டுவந்தாலும் அன்னைக்கு உள்ள வெல கிடைக்கும்."

முத்துநாயகம் அட்டையைக் காதருகே வைத்து ஆட்டினார்.

"இது பேசாதே."

"என்னது ஐயா?"

"சத்தம் வராதே பிள்ள. பிரிச்சுத் தாறியா?"

"ஐயோ, பிரிச்சா சீல் போயிரும். வெல குறையும்."

"அப்போ வேண்டாம்."

அவள் இருபத்திரண்டு காரட்டில் கடை முத்திரைக் காசு ஒன்றை எடுத்து வைத்தாள். பின்னால் நகை செய்யவும் ஆகும் என்றாள். முத்துநாயகம் துணிப்பைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கருங்கல் துண்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

பின்னால் காத்திருந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "பெரியவரே, அம்மியையும் கொண்டு வந்திருக்கலாமே."

கடை சிரித்தது. விபின் தலையைக் குனிந்துகொண்டான்.

சிலைக்குக் கல்லைத் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய கை முத்துநாயகத்தினுடையது. நல்ல கல் மணி மாதிரிப் பேசும். உள்ளே கீறல் இருந்தால் அதுவே சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு காசைக் கல்லில் போட்டார்.

"மெலிசு. சத்தம் நிக்கல. ராஜா தலை இருக்கா பிள்ள?"

"பழைய பவுன் நாலஞ்சு கிடக்கு. ஆனா வெல கூட ஐயா. திரும்ப விக்கப் போனா நூறு கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். எடு."

விபினுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, சீல் வச்சத வாங்குங்க. ஒங்களுக்கு ஒலகத்துல ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்ல."

"எங்ககிட்ட மெஷின் இருக்கு ஐயா," என்றாள் ஸ்மைலின். "தங்கம் எவ்வளவு சுத்தம்னு நம்பர் போட்டுக் காட்டும்."

"யாருக்குக் காட்டும்?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும் இல்ல பிள்ள," என்றார்.

ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, நாலு பவுன் எடுத்தார். ஐந்தாவதை எடுக்கப் பணம் இல்லை.

வீட்டில் பூங்கனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை நோயில் அவளுக்குப் பார்வை போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவள் முன்னால் கல்லை வைத்து ஒரு பவுனைப் போட்டார்.

கிணீர்.

பூங்கனி காதைக் கல் பக்கம் சாய்த்தாள். பிறகு கேட்டாள்: "அது என் பவுனா?"

"அதுக்குக் கூடப்பொறந்தது."

"இன்னும் ஒருக்கா போடுங்க."

போட்டார். அவள் கேட்கக் கேட்கப் போட்டார்.

"நான் போன பொறவு இத வித்துத் தின்னணும் நீ. யாரு கையில குடுத்து வாங்கினாலும் இந்தக் கல்லுல போட்டுப் பாரு. எழுத்த வாசிச்சுச் சொல்லுங்கன்னு ஒருத்தர்கிட்டயும் போய் நிக்காண்டாம்."

"நம்ம வீட்டுல யாருப்பா மாத்தித் தரப் போறா?" விபின் சிரித்தான்.

முத்துநாயகம் கல்லைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த ஆடியில் அவர் இறந்துபோனார். பதினாறு கழிந்ததும், "பேங்க் லாக்கர்ல கிடந்தாத்தான் பத்திரம்மா" என்று சொல்லி விபின் பவுன்களை வாங்கிக்கொண்டு போனான். கல்லை அவன் எடுக்கவில்லை.

கார்த்திகையில் பூங்கனிக்குக் காலில் புண் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பவுனை விற்கலாம் என்றாள். இன்று நாளை என்று இழுத்து, ஒருநாள் சாயங்காலம் விபின் அவற்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"நாலும் இருக்கும்மா. எண்ணிப் பாத்துக்கோ."

பூங்கனி எண்ணவில்லை. கட்டிலுக்கு அடியில் தடவிக் கல்லை எடுத்தாள்.

கிணீர். கிணீர். கிணீர்.

நாலாவது பவுன், டொக்.

அதை மட்டும் இன்னும் ஒருக்கா போட்டாள்.

டொக்.

எதிரில் விபின் எச்சில் விழுங்குவது அவளுக்குக் கேட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மக்கா. எனக்கு இப்பம் காதும் சரியா கேக்கமாட்டேங்கு."

நாலையும் ஒன்றாகச் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பூங்கனி இப்போது கன்னியாகுமரியில் மகள் சபிதா வீட்டில் இருக்கிறாள். தெருமுனையில் ஒரு பைக் திரும்பும்போதே, அது விபினுடையது இல்லை என்று சொல்லிவிடுகிறாள்.