ரவுட்டருக்கு வைத்த பொட்டு

எந்த ரவுட்டர் வாங்குவதென்று முத்துக்குமரன் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. செல்லூரில் முப்பது தறிகளுக்குக் கரண்டு வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? பழையது பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உசிரை விட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மனைவி சரண்யாதேவியிடம், இன்னொரு மீட்டிங்கில் லைன் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் பேரையூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாலு ஆன்டெனா உள்ளதாக ஒன்றை வாங்கிவந்து பெட்டியின் சீல் டேப்பைக் கிழித்தான். புது ரவுட்டரின் மேலே காய்ந்த சந்தனப் பொட்டு இருந்தது, குங்குமத்தோடு.

நேரே கடைக்கு வண்டியை விட்டான்.

“எவன் வீட்டுலயோ பொட்டு வச்சு ஓட்டுனத எந்தலையில கட்டிட்டீங்களேண்ணே?”

கடைக்காரர் பதறிப்போனார். “காலைலதான் பண்டல் வந்துச்சு மாப்ள. இந்தா, வேற பெட்டி. நீயே பிரிச்சுப் பாரு.”

அந்நேரம் சரண்யா போனில் வந்தாள். “வாங்கியாச்சா? நாளைக்கு வாரேன். நான் பொட்டு வச்சப்பறம் மாட்டுங்க.”

மிக்சியோ வண்டியோ, வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பொட்டு வைப்பது அவள்தான். மோதிர விரலில் அரிவாள்மனை வெட்டிய தழும்பு இருப்பதால், அவள் வைக்கும் சந்தனத்தின் நடுவே ஒரு சாய்ந்த கோடு விழும்.

“சரி, வா,” என்று போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தான்.

இதிலும் பொட்டு இருந்தது. நடுவே சாய்ந்த கோடு.

தொட்டுப் பார்த்தான். சந்தனம் ஈரமாக விரலில் ஒட்டியது.